வட்டக் கோயிலை இடிக்க வந்த அரசர்

"ஜெயித்த ஊரில் தோற்றவர்களுடைய கோயில் எதற்கு, அடிகளே?" என்று கேட்டார் அரசர் கடம்பரையர்.

கேட்டது நங்கையடிகளிடம். அந்தப் பெண் துறவி அரசரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அரசர் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார். இந்தப் போர் வேண்டாம் என்று அவர் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தார். அரசர் கேட்கவில்லை.

மலைக்கு அப்பால் இருந்த அந்த ஊர் பிடிபட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊர் நடுவே வட்டமாக ஒரு கோயில். செங்கல் சுவர், குடை விரித்தாற்போல் ஓட்டுக் கூரை. கோபுரம் கிடையாது. உள்ளே இருந்த அம்மனும் செதுக்காத கல்தான். முகமே இல்லை.

அதை இடித்துவிட்டு, தன் நாட்டு வழக்கப்படி வானளாவ ஒரு விமானம் எழுப்ப வேண்டும், போரில் இறந்த தம்பி சேந்தனின் பெயரை அதில் வெட்ட வேண்டும் என்பது அரசரின் எண்ணம். கருங்கல் வண்டி வண்டியாக வந்து இறங்கிவிட்டது. வாசலில் ஆட்கள் கடப்பாரைகளோடு காத்திருந்தார்கள்.

"உங்கள் ஆசி வேண்டும்," என்றார் அரசர்.

"கிரீடத்தைக் கழற்றுங்கள்."

கழற்றினார். வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பழைய போர்வையை அவர் தோளில் போட்டார் அடிகள். கோயிலுக்குள் அழைத்துப் போய் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

உள்ளே சுவரோரமாகப் பெண்களும் கிழவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. போரில் இறந்த தங்கள் வீட்டாரைப் பற்றித் தாழ்ந்த குரலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா நகர்ந்து அரசருக்கு இடம் விட்டாள்.

"உங்க வீட்டுல யாரு?" என்று கேட்டாள்.

அரசருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"தம்பி."

எந்தப் படையில் இருந்தான் என்று அவள் கேட்கவில்லை. தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றாள். மூத்தவனுக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாதாம். கல்யாணம் ஆன பிறகும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாளாம்.

"உங்க தம்பி எப்படி?"

அதை அரசரிடம் யாரும் கேட்டதில்லை. சேந்தனைப் புலி என்றும் சிங்கம் என்றும் புலவர்கள் பாடி முடித்திருந்தார்கள்.

அரசர் மெல்லச் சொல்லத் தொடங்கினார். சேந்தனுக்கு இடி என்றால் பயம். மீசை முளைத்த பிறகும், மழை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அண்ணன் அறைக்கு வந்துவிடுவான். போருக்கு வர அவனுக்கு மனமே இல்லை.

"நான்தான் வான்னு கூப்பிட்டேன்," என்றார்.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்போது படைத்தலைவன் உள்ளே வந்தான். போர்வைக்குள் இருந்தவரை அடையாளம் கண்டு வணங்கினான். கூரையிலிருந்து இடிப்பதா, சுவரிலிருந்தா என்று கேட்டான்.

அந்த அம்மா கையை உருவிக்கொண்டாள். கோயில் முழுக்கப் பேச்சு நின்றது.

"ஆட்களைத் திருப்பி அனுப்பு," என்றார் அரசர்.

அவன் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"சின்னவன் பேரு சொல்லலையே அம்மா."

அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெயரைச் சொன்னாள்.