வாசல் புங்கனின் பெயர்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் திம்மராயன். மற்றவர்கள் எல்லாம் பிறகுதான்.

ஓசூர்ப் பக்கத்தில் எங்கள் மடம். அங்கே மரம் நட்டவன் பெயரையே மரத்துக்கு வைப்பது வழக்கம். வாசலில் நிற்கும் புங்கன் நான் நட்டது. பெயர் வைத்த அன்று நான் காய்ச்சலில் கிடந்தேன். வேலி மட்டும் கட்டிய திம்மராயன், "நான்தான் நட்டேன்" என்று சொல்லிவிட்டான். அதுவே நிலைத்துவிட்டது.

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. என் பெயர் சொல்ல அந்த மரம் ஒன்றுதான்.

எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால், இப்போது மடத்தை நடத்தும் அம்மாவுக்கு அவள் வயதுகூட இருக்காது. ஆனாலும் குரு குருதான். போய்க் கேட்டேன்.

"பேரை மாத்திக் குடுங்கம்மா. மாதையன் மரம்னு."

"வாங்க பெரியவரே, மரத்தடியில உக்காருவோம்."

ஆந்திராவில் குப்பத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குப் பெண் நிழலுக்கு ஒதுங்கினாள்.

"இது என்ன மரம் தாயி?" என்று அம்மா கேட்டார்.

"கானுக. எங்க ஊர்ல விளக்குக்கு இந்த எண்ணெய்தான்."

"அந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

"எங்கம்மா அப்படித்தான் சொல்லுவா."

நான் விடவில்லை. "இங்கே திம்மராயன் மரம்பாங்க. பொய். நட்டது நான்."

"யாரு அந்தத் திம்மராயன்? சாமியாரா?"

"திருடன்!"

அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

மதியம் ஒரு கன்னடக்காரர் வந்தார். "ஹொங்கே. இந்தத் தழையை வயல்ல போட்டா வேற உரமே வேண்டாம்" என்றார். அவருக்கும் திம்மராயனைத் தெரியவில்லை. விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன்.

பிறகு வடக்கிலிருந்து வந்த லாரி டிரைவர். "கரஞ்ச். இந்தக் குச்சியில பல் விளக்கினா ஈறு கெட்டி. இங்க யாரும் ஒடிக்கக் காணோமே, உங்க ஊர்ல யாருக்கும் பல்லே இல்லையா?"

அவரிடமும் சொன்னேன். "பாவம், விடுங்க தாத்தா" என்று ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு கிளம்பினார்.

வெயில் தாழ்ந்தது. அம்மா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த புங்கம்பூவைத் தட்டிவிட்டார்.

"அப்போ பேரு?" என்றேன். "திம்மராயன் தன் வாயால, 'நட்டது மாதையன்தான்'னு சொல்லணும். அது பாக்கியா, இல்லையா?"

"பாக்கிதான் பெரியவரே" என்றார். "காலையிலேர்ந்து திம்மராயன் மரம்னு இங்கே வாய்விட்டுச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."