விசிறி சொல்லாமல் விட்ட இடம்

ஒரு காலத்தில், கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில், வெளியூர் எதுவும் பார்த்திராத ஒரு பெரிய விசிறி இருந்தது. ஆனால் அதைப் போல ஊர் ஊராகக் கதை சொல்ல யாராலும் முடியாது.

கொட்டகை பரிமளாவுடையது. பழைய பைக்குகளுக்குப் பெரிய பிஸ்டனாகச் செய்து மாட்டி, அவற்றைப் பறக்க வைப்பது அவள் தொழில். புதுப் பிஸ்டனை மாட்டியதும் பைக்கை வார் போட்டுக் கட்டி, பின்சக்கரத்தை ஓர் இரும்பு உருளை மேல் நிறுத்தி முறுக்குவாள். சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், பைக் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சாலையில் எதிர்க்காற்று பட்டுத்தான் என்ஜினின் சூடு தணியும். நிற்கிற பைக்குக்குக் காற்று ஏது? அந்தக் காற்றாக இருப்பதற்குத்தான் விசிறி.

வந்துபோகும் பைக்குகள் டயர் இடுக்கில் ஏதாவது கொண்டு வரும். செம்மண், ஒரு தேயிலை, பட்டாம்பூச்சியின் பாதிச் சிறகு. அவற்றை வைத்தே விசிறி தனக்கென்று ஒரு சாலை போட்டுவிட்டது. புதுப் பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடத் தொடங்கியதும் விசிறி மெல்லக் கதையை ஆரம்பிக்கும்.

"கண்ணை மூடிக்கொள். இதோ புளியமரங்கள். நிழல், வெயில், நிழல், வெயில். இப்போது மலை ஏறுகிறோம். தேயிலை வாசம் வருகிறதா?"

"வருகிறது அம்மா!"

"கொண்டை ஊசி வளைவு. எட்டிப் பார். மேகம் நமக்குக் கீழே போகிறது."

பிஸ்டன் சொக்கிப்போய் ஓடும். களைப்பும் தெரியாது, சூடும் தெரியாது.

உருளைக்குச் சிரிப்புத் தாங்காது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு! ஊதி ஊதியே பிள்ளையைத் தேற்றிவிடுகிறாய். இவ்வளவு காற்று எந்தச் சாலையில் அடிக்கிறது?"

"கிடந்த இடத்தில் உருள்கிற உனக்குச் சாலையைப் பற்றி என்ன தெரியும்?"

"நீ மட்டும் எந்த ஊருக்குப் போய் வந்தாய்?"

விசிறி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிஸ்டன் தேறிவிட்டது, அது போதும்.

பரிமளா செய்ததை முதலில் சாலையில் ஓட்டிப் பார்ப்பவன் அவள் தம்பி பூபதி. மறுநாள் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"பாத்துப் போ கண்ணு."

"நீ செஞ்சதுக்கா. எனக்கென்ன பயம்?"

சாயங்காலம் பைக் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் படுத்துக்கொண்டு வந்தது. முன்சீட்டிலிருந்து பூபதி இறங்கினான், கையில் மாவுக்கட்டு.

"ரோட்டுல ஜம்முனு போச்சுக்கா. ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டேன். உச்சி வெயிலு. முன்னால பஸ்ஸு, பின்னால லாரி. வண்டிய அணைக்காம நின்னேன். கேட்டு தொறந்ததும் முறுக்கினேன் பாரு, சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. லாரிக்காரரு பிரேக் அடிச்சதால இப்ப உன்கூடப் பேசிட்டிருக்கேன்."

"இங்க எல்லாம் சரியாத்தானேடா இருந்துச்சு!" பரிமளா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பிஸ்டனைக் கழற்றி விசிறிக்கு எதிரே மேசையில் வைத்தார்கள். அதன் விலாவெல்லாம் கீறிக் கிடந்தது.

"என்ன ஆயிற்று கண்ணே? மலையைப் பார்த்தாயா?"

"நீ சொன்ன சாலை முழுக்கக் காற்று இருந்தது அம்மா. கேட்டில் காற்றே இல்லை. சூடேறி உப்பிப்போனேன், சிலிண்டருக்குள் அசைய இடமில்லை. அந்த இடத்தைப் பற்றி நீ சொல்லவே இல்லையே."

விசிறிக்குச் சுருக்கென்று தைத்தது. பாசம் என்று நினைத்து ஊதிய ஊதல் ஓட்டிப்போன பிள்ளையின் உயிரைக் குடிக்கப் பார்த்திருக்கிறது.

பூபதியின் கை கூடியது. பிழை எங்கே என்று பரிமளாவுக்குப் பிடிபடவில்லை. உலோகத்தின் மேல் சந்தேகப்பட்டு, வேறு உலோகத்தில் அதே அளவில் இன்னொரு பிஸ்டன் செய்து மாட்டினாள். விசிறியைப் போட்டாள். பைக்கை முறுக்கினாள்.

விசிறி புளியமரங்களைச் சொன்னது. தேயிலை வாசத்தைச் சொன்னது. மேகத்தையும் சொன்னது. புதுப் பிஸ்டன் கனவில் மிதந்தது.

"இப்போது ஒரு ரயில்வே கேட்" என்றது விசிறி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"அம்மா, காற்று எங்கே?"

"இங்கே காற்று இல்லை."

"சுடுகிறதே!"

"தெரியும் கண்ணே."

"ஒரே ஒரு மூச்சு ஊதேன்! உனக்கு என்ன குறைந்துவிடும்?"

விசிறியின் இறக்கைகள் துடித்தன. ஊதவில்லை. அழுகையை அடக்குவதை விட அது கடினமாக இருந்தது.

"அடப்பாவமே, ஃபேன் நின்னுபோச்சு!" பரிமளா பைக்கை அணைக்கச் சாவிக்குக் கை நீட்டினாள். தொட்ட கை அப்படியே நின்றது. "ஏன்டா பூபதி, அன்னைக்கு அந்தக் கேட்டுல காத்து அடிச்சுதா?"

"காத்தா? ஒரு இலை ஆடலக்கா."

பரிமளா சாவியை விட்டுவிட்டு, அவன் கேட்டில் முறுக்கிய மாதிரியே முறுக்கினாள். பிஸ்டன் கீச்சென்று கதறியது. பூட்டிக்கொள்ளப் போகிற நொடியில் அணைத்துவிட்டாள். கட்டிவைத்த பைக் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. யாரும் கீழே விழவில்லை.

பிரித்துப் பார்த்தபோது, சூட்டில் உரசிய இடம் பளபளவென்று தெரிந்தது. லேத்தில் கட்டி அங்கே ஒரு மயிரிழை குறைத்தாள். மறுபடி மாட்டினாள். மலைக்குப் பிறகு கேட், கேட்டுக்குப் பிறகு மலை என்று நாள்கணக்கில் ஓட்டினாள். ஒவ்வொரு கேட்டிலும் விசிறி நின்றது. பிஸ்டனின் கதறல் முனகலாயிற்று, அதுவும் அடங்கிப்போயிற்று. விசிறியைப் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

பிஸ்டன் விசிறியோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அம்மா என்று கூப்பிடுவதையும்.

பூபதி கிளம்பிய நாளில் விசிறி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பரிமளாவும் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். உச்சி வெயில் ஏறியது, இறங்கியது. இரண்டு பேருக்கும் வேலை ஓடவில்லை.

பொழுது சாயும்போது பைக் தன் காலிலேயே உள்ளே வந்தது. "கேட்டுல ரெண்டு ரயிலுக்கு நிறுத்திட்டாங்கக்கா!" என்று பூபதி சிரித்தான். பரிமளா அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ஜின் மடிப்பில் ஒரு தேயிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

விசிறிக்கு எதுவும் கேட்கத் துணிவில்லை. என்ஜின் ஆறிக்கொண்டிருந்த அமைதியில் பிஸ்டன்தான் வாய் திறந்தது.

"புளியமரம் இருந்தது. மேகம் கூடக் கீழேதான் போனது. வழியெல்லாம் காற்று. அப்போது உன்னை நான் நினைக்கவே இல்லை."

"போகட்டும் கண்ணே."

"கேட்டில் காற்று நின்றுவிட்டது அம்மா. அங்கேதான் நீ என் கூட இருந்தாய்."