பதின்மூன்றாவது குடம்

முரல்தீவில் மழை பெய்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. கடல் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. அவர்கள் குளிக்கத்தான் தண்ணீர் இல்லை. அதனால் அரசாங்கம் கரையிலிருந்து தீவுவரை கடலுக்கடியில் குழாய் போட்டது.

கிளம்பும்போது பொறியாளர் தீவின் தண்ணீர்க் குழுவிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை திறப்போம். அதற்குள் சோதித்து வையுங்கள். குழாய்க்குள்ளே போனது எவ்வளவோ, அவ்வளவும் வெளியே வரணும். கணக்கு ஒத்துப்போகணும்."

குழுவில் ஐந்து பேர். தலைவர் வியாகுலம். ஐவரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள்.

சோதிக்கத் தண்ணீர் வேண்டுமே! தீவில் மிச்சம் இருந்தது விடுதிக்கார மதலேனாள் வைத்திருந்த பன்னிரண்டு குடம்.

"வெள்ளிக்கிழமை இருபத்துமூணு பேர் வாராங்க, வியாகுலண்ணே. இதுவும் போச்சுன்னா விடுதியைப் பூட்டிட்டு நான் எங்கே போவேன்?"

"போகாது மதலேனா. போனது அப்படியே வரும்."

பன்னிரண்டையும் குழாயின் தீவு முனையில் ஊற்றினார்கள். இரண்டு பேர் காலிக் குடங்களோடு படகேறி, கரை முனையில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் ஆயிற்று. ஒரு சொட்டு வரவில்லை. திரும்பி வந்தார்கள். குழு கூடியது.

"முதல் தடவை போகுதுல்ல, வழி தெரியாம நிக்குதோ?"

"அப்ப கூடவே ஒரு ஆளை அனுப்பியிருக்கணும்."

"நம்ம தொபியாஸ் ஒல்லிதானே?"

குழுவில் ஒருவரான தொபியாஸை அளந்தார்கள். குழாய் ஒரு சாண். தோள் இரண்டு சாணும் நாலு விரலும். அந்த யோசனை கைவிடப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை கரையில் மோட்டார் போட்டார்கள். தீவில் தண்ணீர் பீறிட்டு வந்தது.

"திரும்பிட்டுது! நம்ம தண்ணி நம்மகிட்டயே திரும்பிட்டுது!" என்று கத்தினார் வியாகுலம். குடங்களை வைத்து எண்ணினார்கள். பன்னிரண்டு நிறைந்ததும், "நிறுத்து!" என்றார். கட்டையை வைத்து அடைப்பதற்குள் பதின்மூன்றாவது குடமும் நிறைந்துவிட்டது.

மதலேனாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட பாவிகளா! வருதே, பிடியுங்களேன்!"

"நாம விட்டது பன்னிரண்டு. இது யாருடைய தண்ணி?"

"யாருடையதா இருந்தா என்ன?"

"கணக்கு ஒத்துப்போகணும் மதலேனா."

மூன்று பேர் அந்தக் குடத்தைப் படகில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். மோட்டார்க்காரர் சூடான மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு குடம் கூடுதலா வந்துட்டுது. எடுத்துக்குங்க."

"கட்டையை எடுங்கய்யா முதல்ல!"

"கணக்கு ஒத்துப்போகாம எடுக்க மாட்டோம்."

"அப்ப ஒத்துப்போனதும் எழுதிக் குடுங்க, மோட்டார் போடுறேன். அந்தக் குடத்தை இந்தக் குழாயிலயே ஊத்துங்க."

ஊற்றினார்கள். தீவிலிருந்த இருவருக்குப் போன் செய்து கட்டையை எடுக்கச் சொன்னார்கள். குழாய் நிறைந்துதானே இருந்தது. இங்கே ஒரு குடம் போக, அங்கே ஒரு குடம் வந்து நின்றது.

"ஐயோ, ஒண்ணு கூடுதல்!" என்று அந்த இருவரும் அடைத்துவிட்டு, குடத்தோடு அடுத்த படகேறினார்கள்.

அந்தக் குடம் இதுவரை அறுபத்தோரு தடவை கரைக்குப் போய்வந்திருக்கிறது. மோட்டாரை இன்னும் மறுபடி போடவில்லை. ஆனால் மதலேனாளின் விடுதியில் அறை கிடைப்பதில்லை. குடம் படகேறுவதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. குளிக்கவும் குடிக்கவும் தண்ணீரை அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

ஐம்பத்திரண்டாவது தடவை மட்டும் ஒரு சிக்கல். வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர், தாகம் தாங்காமல் அந்தக் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டார். வியாகுலம் குடத்தைப் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"ஒரு வாய் இவர்கிட்ட இருக்கு. ஏத்துங்க படகில."

அன்றிலிருந்து குடம் போகும்போதெல்லாம் அவரும் கூடப் போகிறார். அவருக்கு இது பத்தாவது தடவை.