ஆள்காட்டி மரத்தைவிட்டு இறங்கிய கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுத்தான். காக்கை வாசலில் நின்று சோறு கேட்கும். கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று கொக்கு வந்து சொல்லும். மைனாவோ ஊர் வம்பு அத்தனையும் பேசும். பேச்சுத்துணைக்குக் குறைவில்லாத காலம், ஆனால் நிம்மதியாகத் தூங்கினவர் யாருமில்லை. வடக்கே இரண்டு ராஜாக்களுக்குள் சண்டை மூண்டிருந்தது. அது எப்போது முடியும் என்று அந்த ராஜாக்களுக்கே தெரியாது. படையைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படைக்குச் சோறு போட வழி தெரியவில்லை. அதனால் குதிரைக்காரர்கள் ஊர் ஊராகப் புகுந்து நெல்லையும் மாட்டையும் வாரிக்கொண்டார்கள். போகும்போது கூரைகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு தீ எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

சூரைவயல் என்ற ஊர் ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்கள் எல்லாம் கரியான பிறகும் அது மட்டும் தப்பித்து வந்தது. ஊருக்குத் தெற்கே ஒரு முள்ளுக்காடு. சூரையும் காரையும் பின்னிக் கிடந்த அந்தக் காட்டுக்குள் ஆள் குனிந்து போகலாம், குதிரை நுழைய முடியாது. ஆனால் காடு மட்டும் போதாதே, எப்போது ஓட வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் கரைக்குருவி இருந்தது. கறுப்புத் தலையும் நீண்ட மஞ்சள் கால்களுமாக, கண்மாய்க் கரையில் நின்ற மருதமரத்தின் உச்சாணிக் கிளையில் கூடு கட்டிக் குடியிருந்தது. இன்று நாம் ஆள்காட்டி என்று சொல்கிறோமே, அந்தக் குருவிதான். ஊர்க்காரர்கள் அதன் கூட்டில் கை வைக்க மாட்டார்கள், களத்தில் சிந்தின நெல்லை அதற்கு விட்டுவிடுவார்கள். பதிலுக்கு அது வடக்கே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் கத்த வேண்டும்.

குருவி கத்தினால் ஊரே எழுந்துவிடும். அடுப்பில் இருப்பது அடுப்பில், உலக்கை உரலில். பிள்ளையை இடுப்பிலும் கிழவர்களை முதுகிலும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். மாட்டு மணிக்குள் வைக்கோலை அடைத்துவிடுவார்கள். அழுகிற பிள்ளையின் வாயில் கருப்பட்டி முடிந்த துணியை வைத்துவிடுவார்கள். உள்ளே போனபின் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

ஒரே ஒரு தொல்லை. கரைக்குருவி யாரைக் கண்டாலும் கத்தியது. தூரத்தில் புழுதி தெரிந்தால் போதும், அது பானை விற்க வருகிற வேளாரா, பெண் பார்க்க வருகிற கூட்டமா என்றெல்லாம் நின்று பார்க்காது. ஊர் ஓடும், ஒளியும், பிறகு தலையில் அடித்துக்கொண்டு திரும்பும். அப்படித்தான் ஒரு தடவை உப்புக்காரர் சாத்தையா கடற்கரையிலிருந்து கழுதைகளில் உப்பு ஏற்றிக்கொண்டு வந்தபோதும் கத்திவிட்டது. அந்த ஓட்டத்தில் நிறைமாசமாக இருந்த மூக்காயி முள்ளில் தடுக்கி விழுந்தாள். விழுந்த இடத்திலேயே வலி கண்டது. வெளியே குதிரை நிற்கிறது என்றல்லவா எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்? முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு முனகல் இல்லாமல் அவள் பிள்ளை பெற்றாள். வெளியே வந்து பார்த்தால் சாத்தையா கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஊருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஊர்த்தலைவரான அம்பலம் பெரியணன் மருதமரத்தடியில் கூட்டம் போட்டார். ஆளாளுக்கு ஏசினார்கள். குருவி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது. கடைசியில் மூக்காயி எழுந்தாள். கையில் பச்சைப்பிள்ளை, காலெல்லாம் முள் கிழித்த வடு.

"அம்புட்டு ஒசரத்துல ஒக்காந்திருக்கிறவளுக்கு மொகம் தெரியாதா? ஆளப் பாத்துக் கத்து. தெரிஞ்ச மொகம்னா வாய மூடிக்கிட்டு இரு" என்றாள்.

குருவியால் அந்த வடுக்களைப் பார்க்க முடியவில்லை. இனி தெரிந்த முகத்துக்குக் கத்த மாட்டேன் என்று தன் முட்டைகள் மேல் சத்தியம் செய்து கொடுத்தது.

அதற்குப் பிறகு சில மாதம் சூரைவயல் சுகமாகத்தான் இருந்தது. வேளார் வந்தார், போனார். விருந்தாளிகள் வந்தார்கள். குருவி முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தது. வீண் ஓட்டம் இல்லை. பயம் கொஞ்சம் விட்டுப்போனதும் ஜனங்களுக்குச் சோறும் கூடக் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அந்தச் சோற்றில் போட உப்பு இல்லை. சாத்தையா வரவே இல்லை, கடற்கரைப் பாதையில் குதிரைக்காரர்கள் நிற்கிறார்கள் என்று பேச்சு. பிள்ளைகள் உப்புப்பானையின் உள்பக்கத்தை நக்கிப் பார்த்தன. பிறகு பானையையே உடைத்து, அந்த ஓட்டுத் துண்டுகளைக் கஞ்சியில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். அதிலும் சாரம் போன பிறகு, சாத்தையா எப்போது வருவார் என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சில்லை.

ஒரு நாள் முற்பகலில் அவர் வந்தார்.

குருவி தொலைவிலேயே பார்த்துவிட்டது. தலையில் அதே உருமால் கட்டு, அதே சாய்ந்த நடை, மூட்டை ஏற்றிய கழுதைகள். தெரிந்த முகம்தான். குருவிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக உறுத்தியது. வழியில் நிற்கிற பனைமரங்களுக்கு அந்தப் பக்கமே "உப்போய்" என்று கூவிக்கொண்டு வருகிறவர் இன்று கூவவில்லை. கழுதை மணிகள் ஆடின, சத்தம் வரவில்லை. கடைசிக் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிற அவருடைய மகனைக் காணோம். பனைகளுக்குப் பின்னால் கொஞ்சம் புழுதி எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது.

குருவி வாயைத் திறந்தது. சத்தியம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டது. ஆடிக்காற்று புழுதி கிளப்பாதா? கிளப்பும். மனுசருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளாதா? கட்டிக்கொள்ளும். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. கத்தினால் ஊர் ஓடும், மூக்காயி பிள்ளையோடு மறுபடி முள்ளில் விழுவாள், வெளியே பார்த்தால் சாத்தையா நிற்பார். அப்போது என்ன முகத்தோடு அவளைப் பார்ப்பது? அது பேசாமல் இருந்தது.

அதற்குள் கரைமேல் பெண்கள் சட்டி பானைகளோடு கூடிவிட்டார்கள். உப்பு வந்துவிட்டதென்று சிரிப்பு, தள்ளுமுள்ளு. மூக்காயி பிள்ளையைத் தூளியில் தூங்கவிட்டு ஓடிவந்திருந்தாள். சாத்தையா மருதமரத்தடியில் நின்று, மூட்டைக் கயிற்றைச் சரிசெய்கிறவர் மாதிரிக் குனிந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு அசையாமல், குருவிக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"எம் மகன் கழுத்துல கத்தி இருக்கு தாயி. நான் சத்தம் போட்டா அவன் தலை உருண்டுரும். யாரக் கண்டாலும் கத்துவியே, கத்துவியேன்னு நம்பித்தான் நடந்து வந்தேன். ஏன் கத்தல?"

குருவி கத்தியது. அது வரைக்கும் கத்தினதெல்லாம் ஒரு கத்தலே இல்லை என்கிற மாதிரி, தொண்டை கிழிந்து போகக் கத்தியது. ஆனால் குளம்புகளில் துணி சுற்றிய குதிரைகள் பனைகளைத் தாண்டிவிட்டன. காட்டுப்பக்கம் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். மூக்காயி காட்டுக்கு ஓடவில்லை, வீட்டைப் பார்த்து ஓடினாள். அவளுக்கு முன்னால் ஒரு பந்தம் போனது. ஓலைக்கூரை, ஆடிக்காற்று. அவளை உள்ளே விடாமல் இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். இழுத்தவர்களின் கையில் அவள் கடித்த தழும்பு கடைசிவரை இருந்தது.

குதிரைக்காரர்கள் போன பிறகு ஜனங்கள் திரும்பி வந்தார்கள். கரைமேல் கிடந்த மூட்டைகளுக்குள் மணல்தான் இருந்தது. சாத்தையாவும் அவர் மகனும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை.

குருவி மரத்தைவிட்டு இறங்கிவந்து தூளி எரிந்த சாம்பலுக்குப் பக்கத்தில் நின்றது. யாராவது கல்லால் எறிவார்கள் என்று காத்திருந்தது. யாரும் எறியவில்லை. அதுவே மூக்காயியிடம் போய், என்னை ஏசிவிடு என்றது.

அவள் சொன்னாள். "வாய மூடுன்னு சொன்னவ நானு. ஒன்னைய ஏசி என்ன செய்ய? இனிமே மொகத்தப் பாக்காத. நான் வந்தாலும் கத்து."

குருவி அன்றைக்கே மரவாழ்க்கையை விட்டது. உச்சியில் இருந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் மனம் சமாதானம் சொல்லும். அதனால் கட்டாந்தரைக்கு வந்தது. கண்மாய்க்குள் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டது. தரையிலிருந்து பார்த்தால் நடந்து வருகிற கால்கள்தான் தெரியும். கால்களில் நல்ல கால், கெட்ட கால் என்று ஏது? கிளையைப் பிடிக்கிற பின்விரல் நாளாக நாளாக வேலையில்லாமல் தேய்ந்து போனது. இனி அது நினைத்தாலும் மரத்தில் உட்கார முடியாது. மனிதர்களோடு பேசுவதையும் அதோடு நிறுத்திக்கொண்டது.

அது தரைக்கு வந்த மறுநாள் விடிந்ததும் மூக்காயி குடத்தோடு கண்மாய்க்குள் இறங்கினாள். குருவி எழும்பி அவள் தலைக்கு மேலே கத்தியது. கண்மாய்க்குள் தன்னைத் தவிர ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். தன்னைப் பார்த்துத்தான் கத்துகிறது என்றும் தெரியும். இருந்தாலும் குடத்தைப் போட்டுவிட்டு முள்ளுக்காட்டைப் பார்த்து ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து ஊரும் பின்னால் ஓடியது. திரும்பி வந்தபோது ஒருவரும் குருவியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று முதல்தான், கண்மாய்க்குள் யார் கால் வைத்தாலும், அவருக்குப் பின்னால் யார் வருகிறார்களோ என்ற பயத்தில் ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றுகிறது.