ஓட்டைக் கத்தரிக்காய்

காவிரிக்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்த ஞானாம்பிகை அம்மாவுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் வைத்தியலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். மடத்து அடுக்களைக்குக் காய்கறி வாங்குவது அவர் பொறுப்பு.

தினமும் மதியம் அங்கே அறுபது இலை விழும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அன்றைய சாப்பாடே அதுதான்.

ஒருநாள் காலை, டவுனில் புதிதாகத் திறந்திருந்த இயற்கை அங்காடிக்குப் போய்விட்டு வைத்தியலிங்கம் பை நிறையக் கத்தரிக்காயோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஓட்டை.

"என்னய்யா இது?" என்றார் அம்மா.

"புழு இருந்தா பூச்சி மருந்து அடிக்கலைன்னு அர்த்தம்மா. ஓட்டையாப் பார்த்து நானே பொறுக்கினேன்."

"கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"இன்னும் கொஞ்சம் ஓட்டை இருக்கு, வேணுமான்னு கேட்டார். நல்ல மனுஷன்."

அம்மா அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு நறுக்க உட்கார்ந்தார். இரண்டு கிலோவில் ஒன்றரை கிலோ மாட்டுக்குப் போனது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வைத்தியலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"விலை ரெண்டு மடங்கும்மா. எல்லாத்தையும் அங்கே வாங்கினா நாளையிலேர்ந்து நாப்பது இலைதான் போட முடியும். வாங்கலைன்னா அறுபது பேருக்கும் என் கையாலேயே விஷம் பரிமாறுற மாதிரி இருக்கு. காய்ல அடிக்கிற மருந்தைப் பத்திக் கேள்விப்பட்டதிலேர்ந்து மூணு நாளா எனக்குச் சோறு இறங்கலை. எதைச் செய்யட்டும்?"

"இதுவரைக்கும் யார்கிட்ட வாங்கினீங்க?"

"சொர்ணத்துகிட்ட. நாலு வருஷமா. சந்தை வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க. சொந்தத் தோட்டத்துக் காய்."

"அவங்க மருந்தடிக்கிறாங்களா?"



"பேரம் பேசுவேன்மா. அதெல்லாம் கேட்டதில்லை."

"போய்க் கேட்டுட்டு வாங்க."

சந்தை வாசலில் சொர்ணம் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கம் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார்.

"கத்தரிக்கு அடிப்பேன் சாமி. அடிக்கலைன்னா புழுதான் அறுவடை பண்ணும். பூசணிக்கு அடிக்கிறதில்லை. அகத்தியை ஒடிச்சு என் ஆட்டுக்கே போடுறேன், அதுக்குப் போய் மருந்தடிப்பேனா?"

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?"

"நீங்க விலையைத் தவிர வேற எதையும் கேட்டதில்லையே சாமி."

கீரைக் கட்டுகளை அடுக்கியபடி சொர்ணமே தொடர்ந்தார். "மடத்துக்கு வர்றதுல பிள்ளைத்தாச்சிங்களும் இருக்காங்க. இனிமே என் கத்தரிக்காயை வாங்காதீங்க. ஆசையா இருந்தா எப்பவாவது அந்தக் கடையில வாங்கிக்குங்க."

வைத்தியலிங்கம் தோளில் ஒரு பெரிய பூசணிக்காயும் கையில் அகத்திக்கீரைக் கட்டுமாகத் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார்.

"நாளைக்கு எத்தனை இலை?" என்றார் அம்மா.

"அறுபது."

பூசணிக்காயை இறக்கி வைத்தவருக்குப் பழைய உத்தியோகப் புத்தி விடவில்லை.

"ஆனா அம்மா, கடையில சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. சொர்ணம் வெறும் வாயாலதான் சொல்றாங்க. அதை எப்படி நம்புறது?"

"உத்தியோகத்துல எத்தனை பத்திரம் பார்த்திருப்பீங்க?"

"ஆயிரக்கணக்குல பார்த்திருக்கேன்."

"என் பொருளை வாங்காதீங்கன்னு விக்கிறவரே எழுதின பத்திரம் ஒண்ணாவது பார்த்தீங்களா?"