ஊசிக்குக் கிடைத்த நிரந்தர வேலை

ஒரு வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், ஓர் இன்சுலின் பேனா குடியிருந்தது. அதன் தலையில் ஓர் ஊசி.

வீடு அமலோற்பவத்தினுடையது. அங்கிருந்து குப்பைக்குப் போவதென்றால் ஒரு பொருளுக்குத் தனித் தகுதி வேண்டும். பால் கவர்கள் குளித்து முடித்துத் துணிக்கொடியில் தொங்கின. ரப்பர் பேண்டுகள் சமையலறைக் குழாயின் கழுத்தில் மாலை மாலையாகக் கிடந்தன.

ஊசிக்கு விதித்திருந்தது ஒரே ஒரு குத்து. பெட்டியை விட்டுக் கிளம்பும்போதே தங்கைகளிடம் விடைபெற்றுக்கொண்டுதான் வந்தது. அமலோற்பவத்தின் வயிற்றுக்குள் போயிற்று, மருந்தை விட்டது, வெளியே வந்தது. இவ்வளவுதான் நம் ஆயுசு என்று கண்ணை மூடிக்கொண்டது.

அமலோற்பவம் கண்ணாடிகூடப் போடாமல் அதைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்று மூடியைப் போட்டு மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

ஊசிக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா அண்ணே? எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு!"

பேனா எதையும் பட்டென்று சொல்லிவிடும். "என் தலையிலேயே உட்கார்ந்திருக்கப் போறியா? ராத்திரி பகலா வாசக்கதவைத் திறந்து போட்ட கதைதான். காத்து உள்ளே வரும், மருந்து வெளியே கசியும்."

"பொறாமை" என்றது ஊசி.

ராயப்பனுக்கும் சந்தேகம் வந்தது. அவர் அமலோற்பவத்தின் கணவர். "இந்தாம்மா, ஒவ்வொரு தடவையும் புது ஊசி போடணும்னு டாக்டர் சொன்னாரே" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"சொல்லுவாருங்க. சொல்ல என்ன நோவு? என் உடம்புல போயிட்டு மறுபடி என் உடம்புக்குள்ளதானே வருது. ஊரார் ஊசியா?"

ராயப்பன் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். கல்யாணமானதிலிருந்து அவர் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

மறுநாள் வயிற்றுத் தோல் முகத்தைச் சுளித்தது. "நேத்து பூ மாதிரி வந்தே. இன்னிக்கு என்னடி, கதவை உதைச்சிக்கிட்டு வர்றே?"

"பழகிட்டோம்ல, உரிமைதான்" என்றது ஊசி. முனையின் வழவழப்பு போய்விட்டதை அது வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாள் போகப் போக வலி கூடியது. அமலோற்பவம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தொப்புளுக்கு இடப்பக்கம் ஓரிடத்தில் குத்தினால் வலிப்பதே இல்லை. அதனால் அங்கேயே குத்தினாள், தினமும் குத்தினாள். குத்திக் குத்தி அங்கே ஒரு கட்டி திரண்டது. மெத்துமெத்தென்று, சரியான சோம்பேறி.

"வா, வா. நான் கத்தவே மாட்டேன்" என்று ஊசியை வரவேற்கும்.

கத்தாது, சரி. வந்த இன்சுலினைப் பிடித்து உட்கார வைத்துவிடும். "ரத்தத்துக்குப் போகணும், வழி விடுங்க" என்று இன்சுலின் கெஞ்சும். "என்ன தலை போற அவசரம்? சாயங்காலம் போயேன். முடியலைன்னா நாளைக்கு" என்று கட்டி புரண்டு படுக்கும்.

அந்தச் சமயம் பார்த்து அமலோற்பவத்தின் சுண்டுவிரலைச் செருப்பு கடித்தது. சின்னப் புண். ஆறவில்லை. ஓரம் கறுத்தது. டாக்டர் இன்சுலின் அளவை ஏற்றினார். பிறகு விரலை உற்றுப் பார்த்து, "சர்க்கரை இறங்கலைன்னா இதை எடுக்க வேண்டி வரும்மா" என்றார். ஊசியை மாற்றுகிறீர்களா என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னபடிதான் டாக்டர்" என்றாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவ்வளவு வேகமாக அவள் வாய் திறந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராயப்பன் மேல் பாய்ந்தாள். "எல்லாம் நீங்க வாங்கிட்டு வர்ற மஸ்கோத் அல்வாவாலதான்."

"அதை நான்தானே தின்னேன்?"

"வாசனை யாருக்கு வந்துச்சு?"

விரலின் புலம்பல் ரத்தத்தோடு ஊர் சுற்றி ஊசியின் காதுக்கும் வந்தது. "சர்க்கரையில மூழ்கிட்டு இருக்கேன். மருந்து வருதுன்னாங்களே, யாரு அதை மறிக்கிறது?"

ஊசி பேனாவைப் பார்த்தது.

"என்னை ஏன் பார்க்கறே? நீதான்" என்றது பேனா. "உன் முனை மழுங்கிப் போச்சு. வலிக்குதேன்னு அவங்க அந்தக் கட்டியை விட்டு வர மாட்டேங்கறாங்க. நீ குத்தக் குத்த அது இன்னும் கொழுக்குது."

ஊசி தன் முனையைக் குனிந்து பார்த்துக்கொண்டது. "அப்ப நான் போயிடறேன். இந்த வீட்ல தூக்கிப்போடறதுக்கு என்ன செய்யணும்?"

"கெட்டுப்போகணும். அவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி."

மறுநாள் காலை கட்டி வழக்கம்போல் "வா" என்றது. ஊசி ஒரு விரலளவு விலகி, நல்ல தோலில் இறங்கியது. வரும்போது மடங்கிய முனையால் ஒரு பிராண்டு பிராண்டிவிட்டு வந்தது.

"சேசுவே!"

நைட்டியில் ரத்தம் பொட்டு வைத்தது. ராயப்பன் ஓடி வந்தார். அமலோற்பவம் முதல் தடவையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியைப் பார்த்தாள். முனை தூண்டில் முள்போல வளைந்திருந்தது.

"இதையா வயித்துக்குள்ள விட்டுக்கிட்டு இருந்தே?" என்றார் ராயப்பன்.

அவள் கண்ணாடியைக் கழற்றாமலே அவர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டருக்கு போன் போடுங்க. நானே பேசறேன்."

ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் திட்டினார். கேட்டுக்கொண்டாள். கட்டி பக்கமே போகக் கூடாது, தினம் ஓரிடம், ஒவ்வொரு குத்துக்கும் புது ஊசி என்றார். நல்ல தோலில் குத்தினால் மருந்து முழுசாக வேலை செய்யும், ஏற்றின அளவு தாங்காது என்று அதைக் குறைத்தார். சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொன்னார். அமலோற்பவம் ஊசியைக் கழற்றிக் காலி பினாயில் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகினாள்.

பாட்டில் பாதி நிறைந்திருந்த ஒரு நாள், புதிதாய் ஒரு தங்கை வந்து விழுந்தாள்.

"விரல் எப்படிடி இருக்கு?" என்றது பழைய ஊசி.

"ஆறிட்டு வருதாம். எடுக்க வேண்டாம்னுட்டாங்க."

"நீ உள்ளே போனப்போ அவங்க என்ன சொன்னாங்க?"

"என்னையா? ஒண்ணுமே சொல்லலை அக்கா. கேஸ் சிலிண்டர்காரரைப் போன்ல திட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் வேலையை முடிச்சு வந்ததைக்கூடக் கவனிக்கலை."

"கொடுத்து வச்சவ" என்று பழைய ஊசி ஒதுங்கிப் படுத்து அவளுக்கு இடம் விட்டது.