தாலிக்காசுக்குச் சுண்ணாம்பு

மிராசுதார் தில்லைநாயகத்தின் பழைய பொற்காசுகளைத் தரம் பிரிக்கப் பட்டணத்து மதிப்பீட்டாளர் வந்திருந்தார்.

"அத்தனையும் பாட்டனார் பெட்டியில் கிடந்தவை. ஒருத்தி கழுத்திலும் ஏறாதவை" என்றார் மிராசுதார்.

தொழுவம் கூட்டும் மருதாயி முன்னால் வந்தாள். "வெள்ளம் வந்தப்போ ஐயாகிட்ட நம்பிக் கொடுத்து வச்ச என் தாலிக்காசும் இதுல இருக்குதுங்க."

"எல்லாம் ஒரே அச்சு. உன்னோடதைக் காட்டி எடுத்துக்கோ. தப்பினா நீ திருடிதான்" என்றார் மிராசுதார்.

தினமும் மஞ்சள் பூசிய காசின் இடுக்கில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். மருதாயி அவருடைய வெற்றிலைத் தட்டுச் சுண்ணாம்பைக் கரைத்துக் காசுகளின் மேல் ஊற்றினாள்.

ஏழு காசுகள் சிவந்தன.

மிராசுதார் சிரித்தார். "இதில் உன்னோடது எது?"

"தெரியலைங்க. அன்னிக்குக் கொடுத்த மத்த ஆறு பேரையும் கூப்பிடுங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிறோம்."

மதிப்பீட்டாளர் ஏழையும் பொறுக்கி மருதாயியின் கையில் வைத்தார்.